நிறைமாதக் குறிப்புகள்

அவளுக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. அடுத்த கிழமையோடு வேலையிலிருந்து விலகி நிற்கிறாள். திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த முதியவர்களின் ஞாபகங்களை அவர்கள் குரலிலேயே சேர்த்துவைக்கும் சிறிய குழு எங்களுடையது. பெண்கள் பேசிய பதிவுகளில் பெரும்பாலானவை அவள் போய்க் கேட்டவை. திருக்கடலூரிலும் பள்ளத்தோட்டத்திலும் படலையில் நின்று "அம்மம்மா" என்று அவள் கூப்பிட்டால் உள்ளேயிருந்து பாய் வரும். நான் கூப்பிட்டால், "ஆர் பிள்ளை நீ, எந்த ஒஃபிஸ்?" என்ற கேள்விதான் வரும்.

ஆண்கள் சொல்லும் கதைகள் எங்களுக்குப் பழகியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் வந்தது, சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்தது, 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. பெண்கள் அவளிடம் சொன்னவை வேறு. குண்டுக்குப் பயந்து ஊர் வெளிக்கிட்டபோது தங்கள் தாய்மார் எதை எடுத்தார்கள், எதை அடுப்பில் விட்டுவிட்டு ஓடினார்கள் என்று. அந்த ஓட்டத்தில் ஒருத்திக்கு வழியிலேயே வலி எடுத்ததாக ஒரு பதிவில் வருகிறது. வயிறு தெரியத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கதை அவளுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பும் அதே வீட்டுக்குப் பல தரம் போய் வந்தவள்தான்.

*

பொறுப்பை ஒப்படைப்பதற்காக ஒரு கொப்பி எழுதித் தந்திருக்கிறாள். யார் பகலில் எப்போது படுப்பார், யாருக்கு இடக்காது கேளாது, எந்த வீட்டில் தேத்தண்ணி வேண்டாமென்றால் மனம் நோகும். டிசம்பர் மாதத்தில் யாரிடம் கடலைப் பற்றிக் கேட்கவே கூடாது என்பதும் அதில் இருக்கிறது. 2004 சுனாமி அலையில் போனவர்களின் பெயர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. வீட்டின் அடையாளம் மட்டும்.

வாசித்து முடித்ததும் எனக்கு ஒன்று தெளிவானது. இவ்வளவும் தெரிந்துகொண்டு நான் போனாலும் அந்த முற்றங்களில் நான் புது ஆள்தான்.

*

நிதி தருபவர்கள், பதிலுக்கு ஒருவரை உடனே எடுக்கச் சொல்கிறார்கள். வேலைத்திட்டத்துக்கு முடிவுத் திகதி இருக்கிறது என்கிறார்கள். ஒப்பந்தத்தில் திகதி இருக்கத்தான் செய்யும்.

இந்த நாட்டில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இலேயே வந்துவிட்டது. பின்னர் 84 நாள் விடுமுறை என்று வகுக்கப்பட்டபோதும், தனியார் துறையில் மூன்றாம் பிள்ளை முதல் அது 42 நாளாகச் சுருங்கியது. மூன்றாவதைப் பெற்ற உடம்பு பாதி நாளில் தேறிவிடும் என்று யார் கணக்குப் பார்த்தார்களோ! 2018இல்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு என்று திருத்தினார்கள். பாலூட்டும் இடைவேளையையும் சட்டம் சொல்கிறது. இவையெல்லாம் நல்லவை, போராடிப் பெற்றவை. ஆனால் வருடக் கணக்கில் மட்டும் உயிர்வாழும் எங்களைப் போன்ற வேலைத்திட்டங்களில், விடுமுறை முடிந்து அவள் திரும்பும்போது வேலையே முடிந்திருக்கலாம். அப்படியானால் அந்த 84 நாளை யாருக்குக் கொடுத்தோம்? அவளுக்கு நாள் கொடுப்பதென்றால் திட்டத்தின் திகதியும் நகரவேண்டும். நிதி தருபவர்களுக்கான கடிதத்தில் இதைத்தான் எழுதியிருக்கிறேன்.

*

இதை யோசிக்கும்போது எங்கள் கடல் நினைவுக்கு வருகிறது. திருக்கோணமலைக் கரைக்குக் கிட்டவே கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு இறங்குகிறது. ஆழத்தில் கணவாய் தேடும் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் கரையருகே வருவதற்கு இந்த ஆழமே காரணம். 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்ப்படகில் திமிங்கில ஆய்வாளர் ஹால் வைட்ஹெட்டும் தோழர்களும் இந்தக் கடலில் அவற்றின் பின்னால் அலைந்தார்கள். 1983இல் இலங்கைக் கடலில் ஒரு திமிங்கிலம் குட்டி ஈன்றதைக் கண்டார்கள். அதைப் பற்றி லிண்டி வைல்கார்ட்டும் வைட்ஹெட்டும் எழுதிய கட்டுரை 1986இல் வந்தது.

அந்தத் திமிங்கிலங்கள் தாய்வழிக் கூட்டமாக வாழ்பவை. குட்டிக்குத் தாயோடு அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது. தாயோ இரை தேடப் போனால் முக்கால் மணித்தியாலம் வரை கீழேயே இருப்பாள். எனவே குட்டியுள்ள கூட்டத்தில் பெரியவை எல்லாம் ஒன்றாக மூழ்குவதில்லை. ஒன்று மேலே வர இன்னொன்று இறங்கும். குட்டிக்குப் பக்கத்தில் யாராவது இருக்கும்படி முறை வைத்துக்கொள்கின்றன. வைட்ஹெட் பிற்காலத்தில் இதைத் தனியே ஆராய்ந்து எழுதினார். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இந்த இடம்தான். பிள்ளை பெற்றவள் கூட்டத்தின் வேகத்துக்கு ஓடிப் பிடிப்பதில்லை, கூட்டம் தன் நேரத்தை மாற்றிக்கொள்கிறது.

*

அவள் விடுமுறையில் போகும் செய்தி, கதை சொன்ன பெண்களிடையே பரவிவிட்டது. குடும்பநல மாது தந்த திரிபோஷா போதாது என்று ஒருவர் முருங்கையிலை அனுப்புகிறார். பிறந்த பிறகு பால்சுறா தேவைப்படும், சந்தையில் சொல்லிவைத்திருக்கிறேன் என்கிறார் இன்னொருவர். பிள்ளை பெற்றவளுக்கான சரக்கை இடிப்பது யார் என்று இரண்டு வீட்டுக்கிடையே இழுபறி. 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு எங்கள் குழு முழுவதும் வரவேண்டுமாம். அவளைத் தகவல் சேகரிக்க வந்தவளாக அவர்கள் எண்ணுவதை எப்போது விட்டார்களோ தெரியவில்லை.

*

காத்திருக்கலாம் என்று நான் சொன்னதை அவள் முழுதாக ஏற்கவில்லை. அவள் சொன்னது சரிதான்: எங்களுக்குக் கதை சொல்பவர்கள் எண்பது கடந்தவர்கள். திகதி நகர்ந்தாலும் அவர்கள் வயது நிற்காது.

"அக்கா, மூதூர்ப் பக்கம் நான் வந்த பிறகு செய்வம். ஆனா பள்ளத்தோட்டத்து அம்மம்மாட்ட நீங்கள் போங்கோ. அவவுக்கு நான் வரும்வரைக்கும் நேரமிருக்குமோ தெரியாது."

ரெக்கோர்டரைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன்.

"முதல் இரண்டு தரமும் வேண்டாம். சும்மா இருந்து கதையுங்கோ. பிள்ளை பிறந்த செய்தியையும் நீங்கள்தான் நேரில போய்ச் சொல்லவேணும். பிறகு அவவே கேட்பா, பெட்டியை ஏன் கொண்டுவரேல்லை எண்டு."