சொல்லாமல் குறைத்த வேகம்

திரையில் 30 சதவீதம் சார்ஜ் காட்டும். படம் எடுக்கலாம் என்று கேமராவைத் திறந்த அடுத்த நொடி போன் அணைந்துவிடும். 2016ஆம் ஆண்டின் கடைசியில் ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்த பலருக்கு இது வாடிக்கையானது. காரணம் பேட்டரியின் வயது. லித்தியம் அயன் பேட்டரி பழசாகப் பழசாக அதன் உள்மின்தடை கூடும். பிராசஸர் திடீரென்று அதிக மின்சாரம் இழுத்தால் மின்னழுத்தம் சரியும். உள்ளிருக்கும் பாகங்களைக் காக்கப் போன் தானே அணைந்துகொள்ளும்.

2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 என்ற ஐபோன் மென்பொருள், பேட்டரி தளர்ந்த போன்களில் பிராசஸரின் வேகத்துக்கு வரம்பு கட்டியது. போன் திடீரென்று அணைவது வெகுவாகக் குறைந்துவிட்டது என்று ஆப்பிள் அறிவித்தது. எதை விலையாகக் கொடுத்து அது குறைந்தது என்பதைச் சொல்லவில்லை. டிசம்பரில், கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனைச் செயலியை உருவாக்கிய ஜான் பூல் தன்னிடம் சேர்ந்திருந்த அளவீடுகளை வெளியிட்ட பிறகே உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது.

வேகத்தைக் குறைத்ததைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆம்புலன்ஸை அழைக்கும் நேரத்தில் அணைந்துபோகிற போனைவிட மெதுவாக ஓடுகிற போன் எவ்வளவோ மேல். அந்த மென்பொருளை எழுதிய பொறியாளர்கள் நல்லதையே நினைத்திருக்கலாம். உள்மின்தடை, மின்னழுத்தம் என்றெல்லாம் சொன்னால் வாடிக்கையாளருக்கு எங்கே புரியப்போகிறது என்ற வாதமும் உண்டு. இந்த வாதத்தை ஏற்க முடியாது. மருந்து உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது நோயாளிக்குத் தெரியாமலிருக்கலாம். அதற்காக, மருந்து கொடுத்ததையே அவரிடம் மறைக்கும் உரிமை எந்த மருத்துவருக்கும் வந்துவிடாது.

அந்த மௌனம் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். தட்டிய எழுத்து திரையில் வரத் தாமதமாகிறது. செயலியைத் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கையில் வைத்திருப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? போனுக்கு வயதாகிவிட்டது, புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது என்றுதான். 79 டாலரில் பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பிவிடும் என்று ஊகிக்க அவருக்கு வழியே இல்லை. 2017இல் வந்த ஐபோன் 8இன் விலை 699 டாலரில் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி உரிமையாளர் எடுக்க வேண்டிய முடிவை, அவருக்குத் தெரியாமலேயே விற்றவர் எடுத்துவிட்டார்.

புதிய போன் விற்கவே இப்படிச் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது. 2020இல் அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை தரச் சம்மதித்தபோதும் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. உள்நோக்கம் இருந்ததா என்ற கேள்விக்குள் போகாமலே இதில் நியாயத்தைக் கண்டுகொள்ளலாம். அதே ஆண்டு பிரான்ஸின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை விதித்த 2.5 கோடி யூரோ அபராதம், வாடிக்கையாளரிடம் தெரிவிக்காமல் விட்டதற்காகவே. அந்தப் பார்வை சரியானது. எண்ணம் தூய்மையாகவே இருந்திருந்தாலும், மறைத்தது மறைத்ததுதான்.

2017 டிசம்பரில் மன்னிப்புக் கேட்ட ஆப்பிள், பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கம் போனுக்குள் வந்தது. வேக வரம்பை நீக்கிக்கொள்ளும் வசதியும் அதில் இருந்தது. 2019 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்றும், சீனச் சந்தையின் சரிவே முதன்மைக் காரணம் என்றும் அதில் சொல்லியிருந்தார். கூடவே வந்த காரணங்களில் ஒன்று, வாடிக்கையாளர்களில் சிலர் குறைந்த கட்டணத்தில் பேட்டரியை மாற்றிக்கொண்டது. விவரம் தெரிந்ததும், அவர்கள் பழைய போனையே வைத்துக்கொண்டார்கள். விவரம் தெரியாமல் 2017இல் புதிய போன் வாங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.