பாட்டனார் இட்ட கையெழுத்து

பாட்டனார் இட்ட கையெழுத்து பேரனைக் கட்டுப்படுத்துமா? குடும்பங்களில் அவ்வப்போது எழும் இவ்வினா, ஒரு நாட்டையே முந்நூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது. அந்நாடு ஸ்காட்லாந்து.

ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் நெடுங்காலம் தனியரசுகளாய், பல வேளை பகையரசுகளாய் இருந்தவை. 1603-இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணைக்கும் உரியவரானார். முடி ஒருவர் தலையில் சேர்ந்தது. பாராளுமன்றங்கள் இரண்டாகவே நின்றன. அவற்றையும் ஒன்றாக்கியது 1707-ஆம் ஆண்டின் இணைப்பு.

அது எத்தகைய சூழலில் பிறந்தது? பனாமாப் பகுதியிலுள்ள டேரியனில் குடியேறச் சென்ற ஸ்காட்லாந்தியர் பலர் நோய்க்கும் பசிக்கும் இரையாயினர்; அம்முயற்சியில் நாட்டார் போட்ட பெருமுதலும் 1700-க்குள் மூழ்கிற்று. 1705-இல் இங்கிலாந்து, தன் விருப்பத்திற்கு இணங்காவிடில் ஸ்காட்லாந்தியரை அந்நியராய் நடத்துவோம், அவர்தம் கால்நடையையும் நிலக்கரியையும் லினன் துணியையும் தடுப்போம் எனச் சட்டம் செய்து அச்சுறுத்தியது. 1706-இல் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் மக்கள் எதிர்த்துக் கிளர்ந்தனர். எனினும் 1707 ஜனவரி 16 அன்று ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்தில் 110 பேர் இணைப்பை ஏற்று வாக்களித்தனர். லண்டனிலிருந்து மறைவாய் வந்த 20,000 பவுன் சிலர் கைகளுக்குச் சென்றிருந்தது. நிலுவைச் சம்பளம் என்பாரும் உளர். கையூட்டு என்பாரும் உளர்.

தேவையும் அச்சமும் பணமும் கலந்த சம்மதம் அது. பொதுமக்களை எவரும் கேட்கவில்லை. அவ்வாறாயின் அது செல்லாதது என்று நாம் தீர்ப்புக் கூறிவிடலாமா?

அவசரப்படலாகாது. இணைப்பினால் இங்கிலாந்தின் குடியேற்ற நாடுகளது வாணிகம் ஸ்காட்லாந்தியருக்குத் திறந்தது. அவர்தம் திருச்சபையும் சட்டமுறையும் அவர்களிடமே நிலைத்தன. பேரரசின் ஆட்சிப் பதவிகளிலும் அவர்கள் பங்கு கொண்டனர். சென்னையில் குதிரைமீது சிலையாய் அமர்ந்திருக்கும் ஆளுநர் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவரே. பல தலைமுறைகள் கனியைச் சுவைத்த பின்னர், மரத்தை நாங்கள் நடவில்லை என்று மட்டும் சொல்லி ஒதுங்க இயலுமா?

ஆயினும் சுவைத்தல் வேறு, சம்மதித்தல் வேறு. பிரிவதா, இருப்பதா என்று மக்களையே நேரிற் கேட்டது 2014 செப்டம்பர் 18 அன்றுதான். பதினாறு வயதினரும் வாக்களித்தனர். ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் இருப்போம் என்றனர். 45 விழுக்காட்டினர் பிரிவோம் என்றனர். 1707-இன் குறையை அன்று பேரர்கள் தம் கையாலேயே நிறைவு செய்தனர் என்பது நம் கருத்து.

ஆனால் வினா ஓயவில்லை. பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் உறுதியில்லை என்பது 2014-இல் இருப்போர் தரப்பு கூறிய காரணங்களுள் ஒன்று. 2016-இல் பிரிட்டன் முழுவதும் வாக்களித்து அவ்வொன்றியத்தை விட்டு விலக முடிவு செய்தது. ஸ்காட்லாந்திலோ 62 விழுக்காட்டினர் விலக வேண்டாம் என்றிருந்தனர். மீண்டும் மக்களைக் கேட்க எடின்பரோ விரும்பியபோது, லண்டனின் இசைவின்றி அதற்கு அதிகாரமில்லை என 2022 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கேதான் அறத்தின் நுட்பம் இருக்கிறது. சொன்ன சொல் சொல்லாகவே நிற்க வேண்டும். ஆண்டுதோறும் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தால் எவ்வீடும் நிலைக்காது. அதே வேளை, எந்த நிலையை நம்பிச் சொல் கொடுத்தோமோ அந்நிலை மாறியபின், மறுபடி கேட்கவே கூடாது எனல் சொல்லைக் காப்பதாகாது. சொன்னவரின் வாயை அடைப்பதாகும். 2012-இல் இரு அரசுகளும் எடின்பரோவில் கூடிக் கையெழுத்திட்டே 2014 வாக்கெடுப்புக்கு வழி கண்டன. கேட்பவருக்குப் பொறுமையும், கொடுப்பவருக்குப் பெருந்தன்மையும் இருந்தால் வழி பிறக்கும் என்பதற்கு அதுவே சான்று.

பிரிவதா இருப்பதா என்பது ஸ்காட்லாந்தியர் தீர்க்க வேண்டியது. நாம் கொள்ளத்தக்க பாடம் வேறு. சேர்ந்து வாழ்வோர் வெளியேற வழியின்றி இருப்பது உறவன்று. வழியிருந்தும் இருப்பதே உறவு. நம் வீடுகளிலும் இதை எண்ணிப் பார்ப்போமாக.