கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்

கழுகுமலையில் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிய பெண்ணிடம் கேள்வி கேட்க யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. குழாயடியில், ரேஷன் கடை வரிசையில், பங்குனி உத்திரத் தேர்க் கூட்டத்தில், "என்ன தாயி, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே வயிற்றைப் பார்ப்பார்கள். தீப்பெட்டி ஆபீசில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் கேட்பார். சடங்கு வீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா கேட்பார். அத்தனை பேருக்கும் பதில் சொல்லிப் பழகிய பெண், கோவில்பட்டிக்கோ திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பஸ் ஏறிப்போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போகிறாள். கேள்வி கேட்கும் உரிமையோடு அவள் உட்கார்ந்திருக்கும் இடம் அது ஒன்றுதான். அங்கே "சரிங்க டாக்டர்" என்பதற்கு மேல் பேச்சு எழும்புவதில்லை. நானும் என் கணவரும் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்த காலத்தில், காத்திருக்கும் வரிசையில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

உளுந்து விதை வாங்கப் போனால்கூட எங்கள் ஊரில் சும்மா வாங்க மாட்டார்கள். என்ன ரகம், எத்தனை நாள் பயிர், மழை தள்ளிப்போனால் தாங்குமா, போன வருஷம் யார் காட்டில் விளைந்தது என்று கடைக்காரரைக் குடைந்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்கள். அதே மனிதர்கள் நகையை அடகு வைத்த பணத்தைக் கவுண்டரில் கட்டிவிட்டு, எதற்குக் கட்டினோம் என்று கேட்காமல் வருகிறார்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ, நம்மைச் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளைக்காக ஏங்கும் வீட்டுக்கு டாக்டர் சாமிக்கு அடுத்த இடத்தில் இருப்பவர். ஆனால் கேள்வி என்பது டாக்டரைச் சந்தேகப்படுவது இல்லை. சிகிச்சையில் பாதி வேலை நம் வீட்டில், நம் கையால்தான் நடக்கிறது.

ஒன்றைச் சொல்கிறேன். செயற்கைக் கருத்தரிப்பில் முட்டை எடுப்பதற்கு முன்னால் ஓர் ஊசி உண்டு. அதை ராத்திரி இன்ன மணிக்குப் போட வேண்டும் என்று சீட்டில் எழுதி, நேரத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் தெரு நர்ஸ் அக்கா டூட்டி முடிந்து எட்டு மணிக்கு வருவார். "அப்பவே போட்டுட்டுத் தூங்கலாமே" என்றார் அத்தை. ஏன் அந்த நேரம் என்று டாக்டரிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். "ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்துல முட்டையை எடுக்கணும்மா. முந்திப் போட்டா நாங்க எடுக்கிறதுக்குள்ள வெடிச்சு வெளிய போயிரலாம். பிந்திப் போட்டா முத்தியிருக்காது" என்று அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டியிருந்தார். அதை அத்தையிடம் அப்படியே சொன்னேன். அதற்கப்புறம் நர்ஸ் அக்காவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, சுவர்க் கடிகாரத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, ஒரு நிமிஷம் பிசகாமல் பார்த்துக்கொண்டது அத்தைதான். காரணம் தெரிந்துவிட்டால் வீடே சிகிச்சைக்குத் துணை நிற்கிறது.

ஊசி நேரத்தைப் பற்றிக் கேட்ட அன்றைக்கே டாக்டரிடம் கேட்ட இன்னொரு கேள்வி: எந்தெந்த அறிகுறி வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது? வயிறு உப்பி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மூத்திரம் குறைந்தாலோ உடனே வாருங்கள், முட்டைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டிருக்கலாம் என்றார். அர்த்த ராத்திரியில் கார் பிடித்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியும் என்ற ஊரில் இருப்பவர்கள் இதைக் கேட்காமல் வீடு திரும்பக் கூடாது.

கையெழுத்துக்கு வருவோம். இங்கிலீஷில் அச்சடித்த தாள்களை நீட்டி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வாங்குவது எல்லோரும் பார்த்ததுதான். பல பெண்களுக்குப் பதிலாக மாமியாரோ நாத்தனாரோ தலையாட்டிவிடுகிறார்கள். 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமீரா கோலி வழக்கை எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் 1995-ல் மாதவிடாய்த் தொந்தரவுக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார். என்ன கோளாறு என்று உள்ளே பார்க்கும் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கி, கருப்பையையும் முட்டைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைச் சிகிச்சைக்குச் செல்லாது, சுயநினைவுக்குத் திரும்பக்கூடிய ஒரு பெண்ணுக்காக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தாய்கூடச் சம்மதம் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். என்ன செய்யப்போகிறோம், வேறு வழி உண்டா, என்ன ஆபத்து என்று விளக்கிய பிறகு வாங்குவதுதான் சம்மதம் என்றும் சொன்னது. பெற்ற தாய்க்கே இல்லாத அதிகாரம் மாமியாருக்கு எங்கிருந்து வரும்?

அப்புறம், கணவர்மாரின் டெஸ்ட். குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்கும் ஒரு விந்துப் பரிசோதனை. வலி கிடையாது, செலவும் குறைவு. அப்படியிருந்தும் பெண்ணுக்குக் கருக்குழாய் எக்ஸ்ரே வரை எடுத்து முடித்த பிறகுதான் "அவரையும் கூட்டிட்டு வாங்க" என்ற பேச்சு வருகிறது, பல வீடுகளில் அப்போதும் வருவதில்லை. முதல் நாளே கேளுங்கள்: அவருக்கு எப்போது டெஸ்ட்? ஒரு தடவை குறைவாக வந்தால் அதோடு தீர்ப்பும் ஆகிவிடாது. விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம்போல ஆகும். இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை இறங்கும். இதை எடுத்துச் சொன்னால் ஆண்களின் கூச்சமும் கொஞ்சம் இளகுகிறது. என் வீட்டில் இளகியது.

கல்யாண மண்டபத்தில் இலவச ஆலோசனை முகாம் என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். அதில் வெற்றி விகிதம் பெரிய எழுத்தில் இருக்கும். எதன் வெற்றி என்று கேட்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்ததா, ஸ்கேனில் துடிப்புத் தெரிந்ததா, குழந்தை கைக்கு வந்ததா? மூன்றும் வேறு வேறு எண்கள். என் வயதில் என்ன என்றும் கேட்க வேண்டும். பிரிட்டனில் அரசுக் கண்காணிப்பு அமைப்பு வெளியிடும் கணக்கில், சொந்த முட்டையில் உருவான ஒரு கருவை வைத்துக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 43 வயதுக்கு மேல் நூற்றுக்கு ஐந்து அளவுக்கு இறங்கிவிடுகிறது.

பில்லில் கூடுதலாக ஏறும் ஒவ்வொன்றுக்கும் இதே கேள்வி பொருந்தும். கரு வைப்பதற்கு முன்னால் கருப்பை உள்சுவரைக் கீறிவிட்டால் நன்றாக ஒட்டும் என்று உலகெங்கும் செய்துவந்தார்கள். ஐந்து நாடுகளில் 1,364 பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. கீறியவர்களில் குழந்தை பெற்றவர்கள் 26.1 சதவீதம். கீறாதவர்களிலும் 26.1 சதவீதம்தான். அந்த வலியை வாங்கிக்கொண்ட பெண்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் கரு ஆபத்து எல்லாவற்றையும் அவர்களே எடுத்துச் சொல்ல வேண்டும், எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். முட்டை தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் தரலாம். அவருக்கு 12 மாதக் காப்பீடும் உண்டு. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில்தான் ஈரோட்டில், 16 வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதாரில் கூட்டிக் காட்டி, அவளுடைய முட்டைகளைப் பல தடவை விற்ற கொடுமை வெளியே வந்தது. தானமாக வரும் முட்டை எப்படி வருகிறது, விதிப்படி வருகிறதா என்று கேட்பது நமக்காக மட்டும் கேட்கும் கேள்வி இல்லை.

இப்படி எழுதுவதால், செல்போனில் படித்துவிட்டு டாக்டருக்குப் பாடம் எடுக்கச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நான் ஒரு சின்ன நோட்டில் மூன்று கேள்வி மட்டும் எழுதிக்கொண்டு போவேன். கூட்டமான நாளில் ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வேன். ஒரு டாக்டர் முகம் சுளித்தார். இன்னொருவர் பேனாவை வாங்கி அந்த நோட்டிலேயே படம் வரைந்து விளக்கினார். இரண்டாமவரிடம்தான் தொடர்ந்து போனோம்.

கடைசியில் பிள்ளை பிறந்ததா என்பதை இங்கே எழுதவில்லை. பிறந்தது என்றால் கேட்டதால் கிடைத்தது என்பார்கள். இல்லை என்றால் கேட்டு என்ன ஆச்சு என்பார்கள். கேள்விக்குப் பலன் குழந்தை இல்லை. என் உடம்பில் நடப்பது எனக்குத் தெரிந்து நடந்தது. அது எனக்குப் பெரிது.

நோட்டில் முதல் பக்கத்துக் கேள்வி, எப்போது நிறுத்துவது என்பது. சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டேன். டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எத்தனை முயற்சிக்கு மேல் என் வயதில் பலன் குறையும் என்று சொன்னார். பணக் கணக்கை நாங்கள்தான் போட வேண்டும் என்றார். அன்றைக்கு ராத்திரி நானும் என் கணவரும் உட்கார்ந்து ஒரு தொகையை எழுதினோம். கரிசல் காட்டை விற்பதில்லை என்று அதற்குக் கீழே அவர் எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.