குறைபாடு யாருடையது?

வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு பிரஷர் ஏறிவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "என்ன சாப்பிட்டே? மாத்திரையை ஒழுங்காப் போட்டியா?" என்பதுதான். அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. நோயின் காரணத்தைத் தேடுவதும் குற்றவாளியைத் தேடுவதும் ஒன்றுதானா?

இருபதாவது வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொடுவதும் சிறுநீரில் புரதம் வெளியேறுவதும் முன்சூல்வலிப்பு நோயின் முக்கிய அடையாளங்கள். முற்றினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்கள் சரியாக விரிவடையாததில் இது தொடங்குவதாக மருத்துவம் கருதுகிறது. அது கர்ப்பத்தின் முற்பாதியில், எந்தப் பெண்ணின் கவனத்துக்கும் எட்டாத இடத்தில் நடப்பது.

வைட்டமின் சி, இ இரண்டும் இதைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையை 1999-இல் பிரிட்டனில் நடந்த ஒரு சிறிய ஆய்வு தந்தது. 2006-இல் அங்கேயே சுமார் 2,400 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் நோய் குறையவில்லை. எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதலாகப் பிறந்தன. இந்நோயைத் தடுப்பதற்கென்று சி, இ, டி வைட்டமின்களைத் தர வேண்டாம் என்று 2011-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

அந்த ஏழு ஆண்டுகளுக்குள் அந்த மாத்திரைகளை விழுங்காமல் நோயுற்ற ஒருத்தியை நினைத்துப் பார்க்கிறேன். எந்தப் பயனும் தராத ஒன்றைச் செய்யாததற்காக அவள் தன்னையே நொந்துகொண்டிருக்கக்கூடும். அறிவியல் தன் கருத்தைத் திருத்திக்கொள்கிறது. பெண்மீது ஏற்றிய பழியை யார் இறக்கிவைப்பது?

வைட்டமின் டி குறைந்தவர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. வெயில் படாமல் வீட்டுக்குள்ளோ தொழிற்கூடத்துக்குள்ளோ கழியும் வாழ்க்கையும் அந்த எண்ணைக் குறைக்கும். இரத்தப் பரிசோதனைத் தாளில் அவள் பெயருக்கு நேரே 'குறைபாடு' என்று அச்சாகும்போது, அந்த வாழ்க்கையை அமைத்தவர்கள் மறைந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் உணவுக்குப் பங்கே இல்லையா, பெண்ணுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கலாம். உணவுக்குப் பங்கு உண்டு. சுண்ணாம்புச்சத்து குறைவாக உண்ணும் மக்களிடையே தினமும் 1.5 முதல் 2 கிராம் வரை கால்சியம் கொடுத்தால் ஆபத்து குறைகிறது. இதை அறிவது ஒவ்வொரு பெண்ணின் உரிமை. ஆனால் வீட்டில் பால் யார் டம்ளருக்குப் போகிறது, கேழ்வரகு வாங்கும் காசு யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்காத அறிவுரை அறிவைத் தருவதில்லை, சுமையைத்தான் கூட்டுகிறது.

அதிகாரம் எவ்வளவோ அவ்வளவே பொறுப்பு என்பது என் நிலைப்பாடு. அவளிடம் இருப்பது ஒரு கைப்பிடி. மீதி பிறரிடம் இருக்கிறது. ஒவ்வொரு பரிசோதனையிலும் அழுத்தம் பார்ப்பது, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் தொடங்குவது, மெக்னீசியம் சல்பேட் ஊசி தீராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் கையில் இல்லை. அந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கும் என்பதை 33 நாடுகளில் சுமார் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-இலேயே நிறுவிவிட்டது. அதற்குப் பிறகும் ஊசி இல்லாத பிரசவ அறையில் ஒருத்தி வலிப்பில் இறந்தால், அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பது அறமாகாது. அலமாரி ஏன் காலியாக இருந்தது என்றுதான் கேட்க வேண்டும்.