விழித்திருப்பது யாருக்காக?

கடந்த முழுமதி நாளன்று வழிபாடு முடிந்து அன்பர்கள் கலைந்து சென்ற பின், ஒரு தாய் என்னிடம் வந்து நின்றார். நான்கு வீடுகளில் வேலை செய்து பிழைக்கும் அம்மையார் அவர். மகன் இரண்டாம் ஆண்டு பி.யூ.சி. படிக்கிறான், வரும் கோடையில் நுழைவுத் தேர்வு எழுத இருக்கிறான். "ஐயா, பிடித்து உட்காரவைத்தால் முகம் சுளிக்கிறான். விட்டுவிட்டால் படிக்காமல் போய்விடுவானோ என்று வயிற்றைக் கலக்குகிறது. அவன் புத்தகத்தில் எனக்கு ஓர் எழுத்தும் புரியாது. நான் என்ன செய்வது தருமம்?" என்று கேட்டார்.

அன்று அவருக்கு ஆறுதலாக இரண்டு வார்த்தை கூறி அனுப்பினேனேயன்றி விடை கூறவில்லை. விடை கூறும் தகுதி எனக்கு உண்டா என்ற ஐயமே அதற்குக் காரணம். அந்த ஐயம் எதனால் வந்தது என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். இக்கட்டுரை அவ்வம்மையாருக்கு நான் தரவேண்டியிருந்த விடையாகும்.

"பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுங்கள், தாமே கற்றுக்கொள்வார்கள்" என்று அறிவுரை கூறுவோர் இக்காலத்தில் பலர். இவ்வறிவுரை யாருக்குப் பொருந்தும்? வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டதாரிகள் இருக்க, தனி அறையும் ஆசிரியரும் கட்டணமும் கேளாமலே கிடைக்கும் பிள்ளைக்குப் பொருந்தலாம். அப்பிள்ளையை விட்டுவிட்டாலும் அவன் தனியாக இல்லை. நம் பிள்ளையை விட்டுவிட்டாலோ அவன் உண்மையிலேயே தனியனாகிறான். விண்ணப்பத்தின் இறுதி நாள் எது, எந்தச் சான்றிதழ் எங்கே கிடைக்கும், எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு என்பதைச் சொல்லுவதற்கும் அவன் தெருவில் ஆள் இருப்பதில்லை. ஆகவே நம் மக்களுக்கு "விட்டுவிடு" என்று போதிப்பது கைவிடு என்று போதிப்பதேயாகும்.

புத்தர் பெருமான் சிகாலன் என்னும் இல்லற இளைஞனுக்கு உபதேசித்தபோது, பெற்றோர் பிள்ளைகளுக்குச் செய்யவேண்டிய கடமைகள் ஐந்தினை எடுத்துரைத்தார். தீமையினின்று விலக்குதல், நன்மையில் நிலைபெறச் செய்தல், தொழில் கற்பித்தல், தக்க துணையைச் சேர்த்துவைத்தல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல் என்பன அவை. கல்விக்கு உதவுவது பெற்றோர் மனமுவந்து செய்யும் சலுகையன்று, கடமை என்பது இதனால் விளங்கும். ஆனால் ஐந்தாவது கடமையையும் சற்று நோக்குங்கள். உரிய காலத்தில் ஒப்படைக்கவேண்டும் என்றார். கையில் பற்றியிருப்பதை விடுவதும் கடமையின் பாற்பட்டதே.

நிற்க. உதவி என்பது எவ்வாறிருக்கவேண்டும் என்பதற்கு நாம் வெகுதூரம் தேடவேண்டுவதில்லை. பாபாசாகிப் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சுபேதார், பம்பாயில் பரேல் பகுதியில் ஒற்றை அறையொன்றில் குடும்பத்தோடு வாழ்ந்தவர். அந்த ஒரே அறையே சமையலுக்கும் படுக்கைக்கும் படிப்புக்கும் இடம். பகலில் அங்கே அமைதி ஏது? ஆகவே மகனை மாலையிலேயே உறங்கச் சொல்லிவிட்டு, தாம் இரவு 2 மணி வரை விழித்திருந்து, மகனை எழுப்பிவிட்ட பின்னரே உறங்கச் செல்வாராம். நூல் வாங்கப் பணமில்லாதபோது, மணமான தம் பெண்மக்களிடம் சென்று, அவர்கள் கொடுக்கும் நகையை அடகு வைத்து வாங்கிவருவாராம். அந்த மகன் 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறினார். பிற்காலத்தில் அவர் அடைந்தவற்றை நாம் அனைவரும் அறிவோம்.

இவ்வரலாற்றை நான் நூறு மேடைகளில் கூறியிருக்கிறேன். கூறியவன் அதன் பொருளை உணர்ந்தேனா என்பதே கேள்வி.

என் கதைக்கு வருகிறேன். நான் பத்தாம் வகுப்பில் தோற்று, பத்தொன்பதாம் வயதில் பெங்களூரில் ஒரு நூற்பாலையில் சேர்ந்து, ஆலை மூடப்படும் வரையில் ரிங் பிரேம் அருகே நின்றவன். கற்றதெல்லாம் இரவு முறை வேலை முடிந்தபின் சங்கத்து நூலகத்தில் கற்றது. எனக்கு ஒரே மகள். அவள் மருத்துவராகவேண்டும் என்பது அவள் பிறந்த அன்றே நான் செய்துகொண்ட முடிவு. அவளுக்கோ கணிதத்தில் பெருவிருப்பம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன்போல் இருந்தேன்.

2022இல் அவள் நீட் தேர்வுக்குப் படித்தபோது, ராம்ஜியைப் போல நானும் விழித்திருப்பேன் என்று உறுதி பூண்டேன். ஒவ்வோர் இரவும் அவளுக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்தேன். ஒரு மணி, இரண்டு மணி. தேநீர் போட்டுக் கொடுத்தேன். என் தியாகத்தை எண்ணி எனக்கே உள்ளம் நெகிழ்ந்தது. ஓர் இரவு அவள் புத்தகத்தை மூடிவிட்டு மெல்லக் கூறினாள்: "அப்பா, நீங்கள் விழித்திருப்பதால் என்னால் தூங்க முடியவில்லை. படித்தது ஏறவும் இல்லை. உங்களுக்காகத்தான் விளக்கு எரிகிறது."

எனக்குக் கோபமே வந்தது. நன்றியில்லாத சொல் என்று கருதினேன்.

அவ்வாண்டு அவள் தகுதி மதிப்பெண் பெற்றாள். ஆயினும் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரிக் கட்டணமோ எம் சக்திக்கு அப்பாற்பட்டது. பி.எஸ்சி. கணிதத்தில் சேர்கிறேன் என்று அவள் கேட்டாள். இன்னும் ஓராண்டு என்று நான் முடிவு செய்தேன். தேர்வுக் கணக்கின் கடவுச்சொல் என்னிடமே இருந்தது. இரண்டாம் முறை முடிவு வெளியான அன்று, அவளுக்கு முன்பாக நானே அதைப் பார்த்தேன். மதிப்பெண் முன்னதைக் காட்டிலும் குறைந்திருந்தது. அவள் அழவில்லை. "இப்போதாவது நான் போகலாமா, அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றுதான் ராம்ஜியின் விழிப்புக்கும் என் விழிப்புக்கும் உள்ள வேறுபாடு எனக்கு விளங்கிற்று. அவர் விழித்திருந்தது மகன் உறங்குவதற்காக. நான் விழித்திருந்தது மகள் உறங்காதிருப்பதற்காக. அவர் தம் மகனின் சுமையில் ஒரு பகுதியைத் தாம் வாங்கிக்கொண்டார். நான் என் நிறைவேறாத ஆசையை அவள் தலைமேல் ஏற்றிவிட்டு, அதற்கு அன்பு என்று பெயரிட்டேன். பற்று அன்பின் ஆடையை உடுத்திக்கொண்டு வரும்போது அதை அடையாளம் காண்பது மிகவும் கடினம்.

தமிழில் தேர்வு என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பரீட்சை என்பது ஒன்று. பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் என்பது மற்றொன்று. பரீட்சையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டுத் தெரிந்தெடுக்கும் உரிமையை மட்டும் நாம் வைத்துக்கொள்ளுகிறோம். உழைப்பு அவனுடையது, விருப்பம் நம்முடையது என்றால், அது கூலி வேலையன்றிக் கல்வியாகுமா?

ஆலையில் புதிதாக வரும் பையனுக்கு, அறுந்த இழையை ஒட்டக் கற்பிப்போம். பக்கத்தில் நிற்போம், பாபின் எடுத்துக் கொடுப்போம், விரலை எந்த இடத்தில் வைப்பது என்று காட்டுவோம். ஆனால் அவன் தடுமாறுகிறான் என்று அவன் கையைத் தள்ளிவிட்டு நாமே ஒட்டிக்கொண்டிருந்தால், இழை ஓடும். பையன் ஆறு மாதமானாலும் கற்கமாட்டான். பக்கத்தில் நிற்பதற்கும் கையைத் தள்ளுவதற்கும் இடையே உள்ள கோட்டை ஆலையில் நான் நன்றாக அறிந்திருந்தேன். வீட்டில் மறந்துவிட்டேன்.

ஆயின் பெற்றோருக்குரிய பங்கு யாது? படிக்காத தாயும் செய்யக்கூடியவை பல. முதலாவது சான்றிதழ். பட்டியல் சாதியினர் குறித்த 1950ஆம் ஆண்டின் ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினர் தம் ஒதுக்கீட்டு உரிமையை இழப்பதில்லை. இதை அறியாமல், உரிமை போய்விடுமோ என்றஞ்சி, பிள்ளையின் படிவத்தில் பழைய மதத்தையே எழுதும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். பொய்யுரையாமையைச் சீலமாக ஏற்ற வீட்டில், பிள்ளையின் கண்ணெதிரே முதற்பக்கத்திலேயே பொய் எழுதலாமா? அலுவலகத்துக்கு இரண்டு முறை, நான்கு முறை அலைய நேரலாம். அந்த அலைச்சல் பெற்றோருடையது. அதைத் தேர்வுக்கு முந்திய வாரத்துக்கு ஒத்திவைக்காமல் ஓராண்டுக்கு முன்பே முடித்துவிடவேண்டும். பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதும் நம் வேலையே.

இரண்டாவது உறக்கம். பதின்பருவத்தினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். கற்றது மனத்தில் நிலைப்பதும் உறக்கத்திலேதான். தொலைக்காட்சியை நிறுத்துவதும், விருந்தினரை வாசலோடு பேசி அனுப்புவதும், வேளைக்குச் சோறிடுவதும் எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் குறைந்த உதவியல்ல.

மூன்றாவது நேர்மை. 2024ஆம் ஆண்டு நீட் வினாத்தாள் சில இடங்களில் முன்கூட்டியே வெளியாயிற்று என்பது உச்ச நீதிமன்றம் வரை சென்ற செய்தி. பொதுத் தேர்வு முறைகேடுகளைத் தண்டிக்கும் சட்டம் அவ்வாண்டு ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. விற்றவனைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய தந்தையைப் பற்றியே நான் எண்ணுகிறேன். "உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும்" என்றல்லவா அவன் தன் பிள்ளையிடம் கூறுகிறான்? நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. எழுதாமல் விட்டதற்குக் கழிவு இல்லை. தெரியாததைத் தெரியாது என்று விடுபவனை அத்தேர்வு தண்டிப்பதில்லை. நாம் மட்டும் ஏன் தண்டிக்கவேண்டும்?

நான்காவது விருப்ப வரிசை. இடஒதுக்கீட்டின்போது கல்லூரிகளையும் படிப்புகளையும் வரிசைப்படுத்திப் பதியவேண்டும். அவ்வரிசையில் மேலிருந்து பார்த்து, தரவரிசைக்குக் கிட்டும் முதல் இடமே அளிக்கப்படும். கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, நம்மால் எவ்வளவு இயலும் என்பதைப் பெற்றோர் ஒளிக்காமல் எடுத்துரைக்கவேண்டும். அது நம் உரிமை, கடமையும் கூட. அதன்பின் வரிசையை எழுதும் கை பிள்ளையின் கையாக இருக்கட்டும். கடவுச்சொல்லும் அவனிடமே இருக்கட்டும்.

ஐந்தாவது, முடிவு வெளியான நாள். 2024இல் 23 லட்சத்துக்கு மேற்பட்டோர் நீட் எழுதினர். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம்; அவற்றுள்ளும் பாதியளவே அரசுக் கல்லூரிகளில் உள்ளவை. இருபது பேர் எழுதினால் ஒருவருக்கே இடம். மற்றப் பத்தொன்பது பேரும் மூடர்களா, சோம்பேறிகளா? இடம் குறைவாக இருப்பது நாட்டின் குறை. அதைப் பிள்ளையின் குறையாக்கி வீட்டில் பேசுவது அறியாமை. அவ்வறியாமை சில வேளைகளில் உயிரைக் கொள்ளும். பயிற்சி நிலையங்கள் மலிந்த கோட்டா நகரில், மாணவர் பலர் தம்முயிரை மாய்த்துக்கொண்டமையால், 2023இல் விடுதி மின்விசிறிகளில் பாரம் தாங்காதபடி வில் பொருத்துமாறு மாவட்ட நிர்வாகம் ஆணையிட்டது. விசிறியை மாற்றினால் போதுமா? "எவ்வளவு செலவழித்தேன் தெரியுமா?" என்னும் பெற்றோரின் சொல்லை மாற்றவேண்டாவா? பிள்ளை உணவைக் குறைத்து, உறக்கமின்றி, பேச்சற்றுப்போனால் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டும் தேர்வு நடக்கும்.

என் மகள் கணிதம் படித்தாள். மருத்துவராகவில்லை. எங்கள் தெருப்பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறாள். அவள் என்மீது சினம் கொண்டிருக்கவில்லை என்றே எண்ணுகிறேன். ஆயினும் அவள் வாழ்வில் நான் எடுத்துக்கொண்ட ஓர் ஆண்டை என்னால் திருப்பிக் கொடுக்க இயலாது. அக்கடனோடுதான் நான் மேடையேறுகிறேன்.

அம்மா, நீங்கள் கேட்டதற்கு விடை இது. உங்கள் மகனைப் பிடிக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். அவன் பக்கத்தில் நில்லுங்கள். அலையவேண்டிய இடத்துக்கு நீங்கள் அலையுங்கள். படிக்கவேண்டியதை அவன் படிக்கட்டும். புத்தகத்தின் எழுத்துப் புரியவில்லையே என்று வருந்தாதீர்கள். "உனக்கு எது விருப்பம்?" என்று கேட்பதற்கும், அவன் சொல்லும் விடையை முழுவதும் கேட்பதற்கும் எழுத்தறிவு வேண்டுவதில்லை. இரவில் விழித்திருக்க நேர்ந்தால், அவன் உறங்குவதற்காக விழித்திருங்கள்.