வாசலில் வந்து நின்ற கடன்

கொடுக்க வேண்டியதைக் கொடுக்க இயலாத நாளில் மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது அவனுடைய ஈமானை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாகும். கையில் பணம் இருக்கும்போது நாணயமாக நடப்பது எளிது. கை வறண்ட வேளையில், வரவேண்டியதைக் கேட்டு ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது நம் நாவு என்ன சொல்கிறது? இந்தக் கேள்வியை நாம் கிதாபுகளில் கற்குமுன் வீட்டு வாசலிலேயே கற்றுக்கொண்டோம்.

ஆண்டிமடம் இன்று அரியலூர் மாவட்டத்து ஊர். நாம் சிறுவராயிருந்த காலத்தில் அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் உடையார்பாளையம் வட்டத்தில் இருந்தது. 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சென்றது; 2007-இல் அரியலூர் மாவட்டம் மீண்டும் தனியாக அமைந்தபோது அதனைச் சேர்ந்தது. மாவட்டத்தின் பெயர்கள் மாறினாலும் மண் மாறவில்லை. செம்மண் பூமி, சுற்றிலும் முந்திரிக்காடு. பங்குனி, சித்திரையில் முந்திரிக்கொட்டை விழத் தொடங்கினால்தான் பல வீடுகளில் காசு புழங்கும். கொடுக்க வேண்டிய தொகைகளோ பன்னிரண்டு மாதமும் வாசலுக்கு வரும்.

வந்தவர்கள்தாம் எத்தனை பேர்! பால்காரம்மாள் தாம் ஊற்றிய பாலுக்குச் சுவரில் கரிக்கோடு இழுத்து வைப்பார். மாதம் முடிந்தால் அந்தச் சுவரே கணக்குப் புத்தகம். ஊராட்சியின் வீட்டு வரிக்கு ‘பில் கலெக்டர்’ ரசீதுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். 1980-இல் மணியம், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்படும் வரை, நிலமுள்ள வீட்டுக்குக் கிஸ்தி கேட்டுத் தலையாரி வந்து குரல் கொடுப்பார். பள்ளிவாசல் மோதினார் மாதச் சந்தாவுக்கும் பிடியரிசிக்கும் வருவார். 1972-க்குப் பின்னர் அஞ்சலகச் சிறுசேமிப்புக்குப் பெண் முகவர்கள் வீடு வீடாக வந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் மேலாக நம் நினைவில் நிற்பவர் தவணைக்குச் சேலை கொடுத்தவர். சைக்கிளின் பின்னால் மூட்டை. சட்டைப்பையில் நீண்ட நோட்டுப் புத்தகம். காதில் செருகிய பென்சில். வேறொருவரிடம் சம்பளத்துக்கு இருந்தவர். வட்டி என்று ஏதும் கிடையாது. பேசிய விலையை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் எம் அத்தா உள்ளறைக்குச் சென்றுவிடுவார்கள். நாம் வாசலுக்கு அனுப்பப்படுவோம். “அத்தா வீட்டில் இல்லை” என்போம். “சரி தம்பி, அடுத்த வாரம் வருகிறேன்” என்று அவர் சைக்கிளைத் திருப்பிக்கொள்வார். எத்தனையோ வாரங்கள் இப்படிக் கழிந்தன.

எம் அத்தா கெட்டவர் அல்லர். யாருடைய காசையும் மறுத்தவர் அல்லர். முந்திரி விற்றதும் முதல் வேலையாகப் பாக்கிகளைத் தீர்ப்பார்கள். அவர்களை உள்ளறைக்கு விரட்டியது நாணம். ‘இல்லை’ என்று நேரில் சொல்வதைவிட, ‘ஆள் இல்லை’ என்று பிள்ளையைச் சொல்லச் செய்வது அவர்களுக்கு இலேசாக இருந்தது. ஏழையின் மானத்தைக் காக்கும் இந்தச் சிறு சொல்லைப் பெரும் பாவம் என்று சொல்லலாமா என்று கேட்போர் உண்டு. நாமும் நெடுநாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் பாவத்தினின்றும் கடனினின்றும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவார்கள். கடனைக் குறித்து ஏன் இவ்வளவு அதிகமாகப் பாதுகாப்புத் தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்று விடையளித்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. கடனால் பொருள் போய்விடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அஞ்சவில்லை. வாய்மை போய்விடும் என்றே அஞ்சினார்கள். எம் வீட்டு வாசலில் நடந்ததும் அதுவேயன்றோ?

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வீட்டில் அமர்ந்திருந்தபோது, அவ்வீட்டுத் தாய் தம் சிறுவனை ‘வா, ஒன்று தருகிறேன்’ என்று அழைத்தார். என்ன கொடுக்க எண்ணினாய் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் கொடாதிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். பிள்ளையை அழைக்கச் சொல்லும் வெறும் சொல்லிலேயே இத்தனை கவனம் வேண்டுமென்றால், பிள்ளையின் வாயிலேயே பொய்யை வைத்து வாசலுக்கு அனுப்புவதை என்னென்பது!

அத்தா வஃபாத்தானபோது, வழக்கப்படி ஜனாஸாத் தொழுகைக்கு முன் எழுந்து நின்று, மையித்திடம் எவருக்கேனும் வரவேண்டியது இருந்தால் எம்மிடம் பெற்றுக்கொள்ளுமாறு அறிவித்தோம். ஒரு காலத்தில், கடனை விட்டுச்சென்ற ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாமே தொழவைக்கத் தயங்கி, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்பே தொழவைத்தார்கள் என்பதை நாம் எண்ணிக்கொண்டோம். அன்று எவரும் கேட்கவில்லை. சில நாள் கழித்துச் சேலைக்காரர் வந்தார். தலை நரைத்திருந்தது. நோட்டைப் புரட்டிப் பதினொரு ரூபாய் என்றார். கொடுத்தோம். வேண்டாம் என்று மறுக்காமல் வாங்கிக்கொண்டு, பெயரைக் கோடிட்டு அடித்துக் காட்டினார். பின்னர் மெல்லச் சொன்னார்: “நீங்கள் இல்லையென்று சொல்லும்போதெல்லாம் பாயின் இருமல் எனக்குக் கேட்கும் தம்பி. ஆள் இல்லையென்றே நானும் எழுதிக்கொள்வேன். முதலாளியிடம் திட்டு வாங்குவேன்.”

நாம் தலைகுனிந்தோம். ஒரு நாணத்தைக் காக்கச் சொன்ன பொய், பிள்ளையின் நாவில் ஏறி, இரக்கமுள்ள ஓர் ஊழியரின் நோட்டில் எழுத்தாகி, அவருடைய முதலாளியின் சினமாய் அவர்மீதே விழுந்திருக்கிறது. நாம் காத்த மானத்துக்கு விலை கொடுத்தவர் அவர்.

இதற்கு மாற்று வழி இல்லாமற் போகவில்லை. எம் தெருவிலேயே ஓர் அம்மையார், கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து தெளிவாகச் சொல்வார்கள்: “இப்போது கையில் இல்லை; முந்திரி எடுத்ததும் தருகிறோம்; அதை எழுதிக்கொள்ளுங்கள்.” அவர் எழுதிக்கொள்வார். ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அந்த வீட்டின் மானம் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுபவருக்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே என்று அது விதிக்கிறது. கொடுத்தவரின் வாயில் வைக்காமல், வாங்கியவரின் வாயில் அந்தச் சொல்லை வைத்திருக்கிறான் இறைவன். தன் கடனைத் தன் வாயால் சொல்பவன் தாழ்ந்துபோவதில்லை, சாட்சியாக உயர்கிறான்.

அதே இடத்தில், அதற்குச் சற்று முன் (2:280), கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுங்கள் என்றும், விட்டுக்கொடுப்பது இன்னும் மேலானது என்றும் கூறப்படுகிறது. கேட்பவருக்குப் பேசும் உரிமை உண்டு. நாயகத்திடமே கடுமையாகக் கேட்ட ஒருவரைத் தோழர்கள் தாக்க முனைந்தபோது, உரிமையுடையவர் பேசத்தான் செய்வார் என்று தடுத்தார்கள். ஆனால் உரிமை வேறு, தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூவுவது வேறு. வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநீதி. வசதியில்லாதவரை நெருக்குவதும் அநீதி.

இன்று வாசலுக்கு வருவோர் குறைந்துவிட்டனர். 2016-இல் யுபிஐ வந்தபின் பாலுக்கும் வரிக்கும் கைப்பேசியே போதும். சைக்கிள் மணி ஓய்ந்ததே தவிர, ‘வீட்டில் இல்லை’ ஓயவில்லை. எடுக்கப்படாத அழைப்பாக, ‘நாளை அனுப்புகிறேன்’ என்ற செய்தியாக அது வாழ்கிறது. அந்தப் பக்கத்தில் நிற்பவரின் முகமும் நரையும் நமக்குத் தெரியாததால் பொய் இன்னும் எளிதாகிவிட்டது. கேட்போரின் கொடுமையும் ஒழியவில்லை. கந்துவட்டிக்கு எதிராக 2003-இலும், கடன் வசூலில் வன்முறைக்கு எதிராக 2025-இலும் தமிழகத்தில் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

சட்டம் கேட்பவரின் கையைத் தடுக்கும். கொடுக்க வேண்டியவரின் நாவைத் திருத்துவது வீட்டின் வேலை. தாய்மாரே, தந்தைமாரே! கையில் இல்லாத நாளில் வாசலுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள், நீங்களே செல்லுங்கள். அனுப்பியே ஆகவேண்டுமென்றால் மெய்யைச் சொல்லி அனுப்புங்கள். அந்தப் பதினொரு ரூபாயை நாம் ஒரு நாளில் தீர்த்துவிட்டோம். அந்த ஒரு சொல்லை இன்னும் தீர்க்க இயலாமல், தொழுகைதோறும் கையேந்தி நிற்கிறோம்.