நோன்பும் வெற்றியும்

ரமளான் நெருங்கும்போது நம் புதுவை முஸ்லிம் வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. பிள்ளைக்குத் தேர்வு இருக்கிறது, அல்லது விளையாட்டுப் போட்டி இருக்கிறது. நோன்பு வைத்தால் என்னாகும்? "சோர்ந்து விடுவான்" என்று அஞ்சுவோர் ஒருபுறம். "நோன்பு வை, முதல் மார்க்கு கிடைக்கும்" என்று ஆசை காட்டுவோர் மறுபுறம். இவ்விரண்டில் எது சரி? ஒரு கூடைப்பந்து வீரரின் வாழ்க்கையை வைத்து இதை நாம் சிந்திக்கலாம்.

ஹக்கீம் ஒலாஜுவான் 1963-ல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில், சிமெண்டு வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஏழடி உயரம். 1984-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் 'சென்டர்' ஆட்டக்காரராகச் சேர்ந்தார். கூடையின் அருகே நின்று புள்ளி சேர்ப்பதும், எதிரணி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பதும் சென்டரின் பொறுப்பு. 2002-ல் ஓய்வு பெறும் வரை 3,830 முறை அவர் அப்படித் தடுத்தார். அந்தச் சாதனையை இன்றளவும் எவரும் முறியடிக்கவில்லை. 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவருடைய அணியே வாகை சூடியது.

1995-ல் ரமளான் பிப்ரவரியில் வந்தது. ஆட்டங்கள் நின்றுவிடவில்லை. அவரும் நோன்பை விடவில்லை. பகலில் நடந்த ஆட்டங்களில் ஒரு மிடறு தண்ணீர்கூட அருந்தாமல் ஆடினார். அம்மாதத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

இதைக் கேட்டு நாம் பெருமிதம் கொள்வதில் குற்றமில்லை. நோன்பு வைத்தால் உழைக்க முடியாது என்னும் சாக்கு இங்கே உடைந்து போகிறது. ஆனால், "நோன்பு வைத்ததால்தான் வென்றார்" என்று சொல்லத் தொடங்கும்போது நாம் இடறி விழுகிறோம். 1996-லும் அவர் நோன்பு நோற்றார். அவ்வாண்டு அவருடைய அணி சியாட்டில் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. அப்படியானால் அந்த ஆண்டு நோன்பின் மதிப்பு குறைந்துவிட்டதா?

இல்லை. நோன்பு அல்லாஹ்வுக்காக வைக்கப்படுவது, கூலியும் அவனிடமே. மார்க்குக்கு அஞ்சி நோன்பை விடச் சொல்பவரும், மார்க்குக்காக நோன்பு வைக்கச் சொல்பவரும் ஒரே தராசில்தான் அதை நிறுக்கிறார்கள். முதல் மார்க்கை நம்பி நோன்பு வைத்த பிள்ளைக்கு மார்க்கு குறைந்தால், அடுத்த ஆண்டு எதைச் சொல்லி நோன்பு வைக்கச் சொல்வோம்?

இன்னொன்றையும் மறக்கலாகாது. பயணிக்கும் நோயாளிக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்று, விட்ட நோன்பைப் பின்னர் நோற்பவர் ஈமானில் குறைந்தவர் அல்லர். ஹக்கீமைக் காட்டி அவரை இழித்துப் பேச நமக்கு உரிமையில்லை.

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு ஹக்கீமின் விருதைச் சொல்லுங்கள். அவர் தோற்ற ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெற்றியிலும் தோல்வியிலும் மாறாத நிய்யத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.